எட்டு வாரம் உட்கார ஒரு பெஞ்சு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பட்டறை அனுபவம் போதவில்லை என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அது சரிதான். ஆனால் பட்டறையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்குப் படிக்க ஆசை வந்தால் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். போன வருடம் சில வாரங்கள் மறுபடி மாணவனாக இருந்தேன். அதில் கிடைத்ததையும் கிடைக்காமல் போனதையும் உங்கள் வாசகர்களிடம், குறிப்பாகக் கல்லூரிகளை நடத்துகிறவர்களிடமும் தொழில் நடத்துகிறவர்களிடமும், சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில், பம்ப்புக்கு வேண்டிய வார்ப்படங்கள், அதாவது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி எடுக்கும் பாகங்கள், செய்யும் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். 2001இல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கு வந்தவன். மேலே படிக்க அப்போது வீட்டில் வசதி இல்லை. வசதி வந்தபோது நேரம் இல்லை. எங்கள் ஊரில் இது பெரிய கதை ஒன்றும் இல்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போய் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் என்னைப் போல நாலு பேரைப் பார்க்கலாம்.

எங்கள் பவுண்டரியில் மெத்தட் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்றார். மெத்தட் என்றால், ஒரு வார்ப்படத்துக்கு உலோகம் எந்த வழியாக உள்ளே போக வேண்டும், எந்த இடத்தில் ரைசர் வைக்க வேண்டும், எவ்வளவு பெரிய ரைசர் என்றெல்லாம் முடிவு செய்வது. ரைசர் என்பது அச்சுக்குள்ளேயே பக்கத்தில் விடும் ஒரு கூடுதல் குழி. வார்ப்படம் இறுகும்போது அதற்குக் குறைகிற உலோகத்தைக் கடைசிவரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியது அது. சரியாக அமையாவிட்டால், பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கின் தடிமனான இடத்தில் உள்ளே குழி விழும். வெளியே பார்த்தால் தெரியாது. மெஷின் ஷாப்பில் பல்லைக் காட்டும், அல்லது தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட்டில் கசியும். அதுவரை செய்த வேலை முழுதும் வீண்.

பெரியவர் இதையெல்லாம் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். கேசிங்கின் விளிம்பில் வரும் தடித்த பட்டையை ஃபிளாஞ்ச் என்போம். "ஃபிளாஞ்ச் தடிமனுக்கு ஒண்ணரை வைங்க தம்பி, சரியா வரும்" என்பார். வரும். ஏன் வருகிறது என்று கேட்டால் சிரிப்பார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னாராம். அவர் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. அச்சு எடுக்கும் பழைய மாதிரிகள், அதாவது பேட்டர்ன்கள், எல்லாம் சிக்கல் இல்லாமல் ஓடின. புதிதாக வந்த ஒரு கேசிங் மட்டும் எந்தக் கணக்குக்கும் மசியவில்லை. அப்போதுதான் படிக்கலாம் என்று தோன்றியது.

என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் பற்றி உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தின் வழியாக யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. வார்ப்படத் தொழில்நுட்பம் பற்றி ஒரு பாடம் இருந்தது. சேர்ந்தேன்.

ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார இரவு ஒன்பதரை ஆகிவிடும். பாடம் எல்லாம் ஆங்கிலம். டிப்ளமோ படித்தவனுக்கு ஆங்கிலம் புரியும், வேகம்தான் புரியாது. வீடியோவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்வேன். சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய கணக்குப் புத்தகத்தில் அளவியல் பாடத்தில் உருளை, கூம்பு, இடைக்கண்டம் என்று வரும். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் ரைசர் வடிவம் அசல் இடைக்கண்டம்தான். அதன் கன அளவுக்கான சூத்திரத்தை எனக்கு அவள்தான் நினைவுபடுத்தினாள். அடுத்த நாள் பவுண்டரியில் ஒரு ரைசரை உடைத்து எடுத்து, அளந்து, கணக்குப் போட்டு, தராசில் வைத்தேன். எடை ஒத்துவந்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது, "அப்பா, இந்தச் சூத்திரம் நெஜமாவே எதுக்காவது ஆகுமா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கணக்கை வாங்கித் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பாடத்தில் வந்த ஒரு விதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவோரினோவ் என்பவர் 1940இல் வெளியிட்டது. ஒரு வார்ப்படம் இறுக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அதன் எடையைப் பொறுத்து மட்டும் இல்லை. கன அளவைப் புறப்பரப்பால் வகுத்து, வந்த விடையை இருமடியாக்கினால் வருகிற எண்ணைப் பொறுத்தது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 1,000, புறப்பரப்பு 600. அதே உலோகத்தை 20 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், இரண்டரை தடிமன் உள்ள தகடாக ஊற்றினாலும் கன அளவு அதே 1,000தான், ஆனால் புறப்பரப்பும் 1,000 ஆகிவிடுகிறது. இரண்டும் ஏழு கிலோ இரும்பு. ஆனால் கனசதுரம் இறுகத் தகட்டைப் போலக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு நேரம் ஆகும். ரைசர் கடைசியில் இறுக வேண்டும் என்றால், கன அளவைப் புறப்பரப்பால் வகுத்து வரும் அதன் விகிதம் வார்ப்படத்தின் விகிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், பொதுவாக 1.2 மடங்கு என்று பாடத்தில் சொல்கிறார்கள். பெரியவரின் "ஒண்ணரை" எங்கே சரியாக வருகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க முடிந்தது. எங்களைப் படுத்தி எடுத்த அந்தக் கேசிங்கில், ஃபிளாஞ்சும் உடம்பும் சேரும் மூலையில் விகிதம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். தடிமனை மட்டும் பார்த்து வந்தவர்கள் கண்ணுக்கு அது படாது.

அதைவிட என்னை உலுக்கியது அச்சு செய்யும் மண் பற்றிய பாடம். சாம்பல் வார்ப்பிரும்பு இறுகும்போது அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிகிறது. அப்போது உலோகம் கொஞ்சம் விரிகிறது. இந்த விரிவே சுருக்கத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் அச்சு அசையாமல் நின்றால்தான். மண் தளர்வாக இருந்தால் விரிகிற உலோகம் அச்சுச் சுவரைத் தள்ளிக்கொண்டு போய்விடும், உள்ளே குழி விழும். எங்கள் மோல்டிங் மேஸ்திரி, "மண்ணை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு" என்று நாள் முழுக்கச் சத்தம் போடுவார். பையன்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தப் பாடத்தைப் பார்த்த மறுநாள் காலை, மேஸ்திரியையும் பையன்களையும் ஒன்றாக நிறுத்தி, காரணத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். மேஸ்திரி எட்டாவதோடு நின்றவர். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் கத்தறதுக்கு ஒரு கணக்கு இருக்குதுங்களா?" என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை எந்த முதலாளியும் சம்பளமாகக் கொடுத்துவிட முடியாது.

தேர்வு ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை. எங்களுக்குச் சனிக்கிழமை வேலை நாள். என் முதலாளி சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார், அதற்கு அவருக்கு நன்றி. வேறு கம்பெனியில் இருக்கும் என் நண்பர் ஒருவர் இதே பாடத்தை முடித்தும் விடுப்பு கிடைக்காமல் தேர்வைக் கைவிட்டார்.

மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஸ்வயம் பாடங்களின் மதிப்பெண்ணைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் நிறையப் பேர் எழுதுகிறார்கள். எதிரே இருந்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு நின்றபோது மூன்று மாணவர்கள் பக்கத்தில் நின்று ரைசர் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காது தானாக அங்கே போய்விட்டது. நான் பவுண்டரியில் இருக்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம், ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, ரைசரை நாங்க படத்துலதான் பாத்திருக்கோம். நெஜத்துல எவ்ளோ பெருசுங்ணா இருக்கும்?"

நான் கையிலிருந்த டீ கிளாஸைக் காட்டி, சின்ன கேசிங் என்றால் இந்த அளவு, பெரியது என்றால் பக்கெட் அளவுகூட வரும் என்றேன். இரும்பை 1,350 டிகிரிக்கு மேல் வைத்து ஊற்றும்போது எப்படி வெளிச்சம் அடிக்கும், உருகிய இரும்பு இருக்கும் வாளியான லேடிலைச் சாய்க்கிறவர் எதைப் பார்த்து நிறுத்துவார், பெட்டியைத் தட்டும்போது ரைசர் எப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்றெல்லாம் கேட்டார்கள். மூன்று பேரும் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இரும்பு ஊற்றி அவர்கள் பார்த்ததே இல்லை. கல்லூரி லேபில் மண் அச்சு செய்து பார்த்திருக்கிறார்கள், அதோடு சரி.

என் பங்குக்கு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ரைசரின் புறப்பரப்பைக் கணக்கிடும்போது, வார்ப்படத்தோடு ஒட்டியிருக்கும் முகத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு பையன் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்தே காட்டினான். "அந்த முகம் வழியா சூடு வெளியே போகாதுங்ணா. ரெண்டு பக்கமும் உருகின மெட்டல்தானே? குளிர்ற ஏரியாவை மட்டும்தான் எடுக்கணும்." இரண்டு நிமிடம் ஆகவில்லை. இணையத்தில் இதே கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு நாள் கணக்கில் காத்திருந்து, வந்த பதில் பாதிதான் புரிந்திருந்தது.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை முழுவதும் அந்தப் பேக்கரி வாசலில்தான் பிறந்தது. எங்களிடம் இல்லாதது அவர்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லாதது எங்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஊரில், சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். ஒரே பெஞ்சில் உட்கார மட்டும் வழி இல்லை.

வழி இல்லை என்பதை அனுபவித்தே சொல்கிறேன். பாடம் முடிந்த பிறகு, குழி விழுந்த கேசிங் துண்டு ஒன்றை அறுத்து, துடைத்து, பையில் போட்டுக்கொண்டு நகரில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனேன். அங்கே மெட்டலர்ஜி லேபில் நுண்ணோக்கி இருப்பது தெரியும். கிராஃபைட் எந்த உருவத்தில் விழுந்திருக்கிறது என்று ஒரு ஆசிரியரிடம் காட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாசலில் இருந்த காவலாளி மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்டூடண்டுங்களா, ஸ்டாஃபுங்களா, பேரண்டுங்களா?" என்று கேட்டார். நான் மூன்றும் இல்லை. அவருடைய பதிவேட்டில் என்னை எழுத இடம் இல்லை. டெஸ்டிங்குக்கு என்றால் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் கொண்டுவந்து பணம் கட்டலாம் என்றார். ரிப்போர்ட் எனக்கு வேண்டாம், கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? திரும்பிவிட்டேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் வருவார்கள் என்று அந்தக் கல்லூரியை அமைத்தவர்களுக்கே தோன்றவில்லை.

மாணவர்களைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவர நம்மிடம் ஏற்பாடுகள் இருக்கின்றன. தொழிற்பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. மாணவர்களைத் தொழிலுக்குத் தயார் செய்ய 2022இல் நம் அரசு நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியங்கள், இன்னும் வளர வேண்டும். எதிர்த்திசையில், தொழிற்சாலையில் இருக்கிறவனைச் சில வாரம் கல்லூரிக்குள் கொண்டுபோகும் ஏற்பாடு எங்கே?

பகுதி நேர பி.இ. இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கோவையில் அதற்கு நல்ல மரபு உண்டு. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, சிஐடி, பிஎஸ்ஜி ஆகிய இடங்களில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். என் சீனியர்கள் சிலர் அப்படிப் படித்து இன்று பெரிய பொறுப்பில் இருக்கிறார்கள். ஆனால் அது ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் படித்துக்கொண்டு, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரனுக்கு அது முடியாது, பட்டமும் தேவைப்படாது. அவனுக்குத் தன் வேலையில் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கும் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கு எட்டு வாரம் போதும். மாலை வகுப்பு நடத்திப் பழகிய கல்லூரிகளுக்கு இது புதிய விஷயமும் இல்லை. விளக்கும் இருக்கிறது, லேபும் இருக்கிறது, வாட்ச்மேனும் இருக்கிறார்.

இணையப் பாடத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு இந்தப் படிப்பே இல்லை. ஆனால் தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பது மாணவ வாழ்க்கையில் கால் பங்குதான். கேட்க ஓர் ஆசிரியர், தொட்டுப் பார்க்க ஒரு லேப், "எனக்கும் புரியலை" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள், இதெல்லாம் சேர்ந்தால்தான் மீதி. இன்னொன்று, என்னால் முக்கால் வேகத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தொடர முடிந்தது. எங்கள் மேஸ்திரியால் முடியாது. அவருக்கு இருக்கும் அறிவுக்கு, தமிழில் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழில் இந்தப் பாடங்களை நடத்த முடியும் என்பது நடத்திக் காட்டிய விஷயம். பட்டம் படிக்க வருகிறவர்களுக்குக் கிடைத்த அந்த வசதி, மண் இறுக்குகிறவர்களுக்கும் கிடைக்கட்டும்.

நான் கேட்பது இதுதான். அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும், அந்தந்த ஊர்த் தொழிலுக்கு ஏற்றபடி, வாரத்தில் இரண்டு மாலை, ஆறரையிலிருந்து எட்டரை வரை, எட்டு வாரப் பாடங்களை நடத்த வேண்டும். கோவையில் வார்ப்படமும் பம்ப்பும், திருப்பூரில் சாயமும் பின்னலும், சிவகாசியில் அச்சு, ஓசூரில் மெஷினிங் என்று ஊருக்கு ஒன்று இருக்கட்டும். பாதிப் பாடம் லேபில் நடக்கட்டும். சேர்வதற்கு மதிப்பெண் பட்டியலைக் கேட்காமல், என்ன வேலை செய்கிறாய், என்ன தெரிய வேண்டும் என்று கேட்கட்டும். அந்த எட்டு வாரத்துக்கு ஓர் அடையாள அட்டையும் நூலகத்தில் உட்கார அனுமதியும் கொடுக்கட்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்களில் விரும்புகிறவர்களும் அதே வகுப்பில் வந்து உட்காரட்டும். கட்டணம் கட்ட நாங்கள் தயார். முதலாளிமார் பாதியைக் கட்டலாம். ரிஜெக்‌ஷன் ஒரு லாட் குறைந்தாலே அந்தப் பணம் திரும்பி வந்துவிடும் என்பது அவர்களுக்கே தெரியும். தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள் என்பதை மட்டும் எல்லாத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சேர்ந்து ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட வேண்டும்.

கோவையில் எந்தக் கல்லூரியாவது இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கினால், முதல் நாளே நானும் எங்கள் மேஸ்திரியும் வந்து சேருகிறோம். என் முதலாளியிடமும் பேசிவிட்டேன். அந்த வகுப்பு மாணவர்கள் ஊற்று நடக்கும் நாளில் எங்கள் பவுண்டரிக்கு வரலாம். ஷூவும் கண்ணாடியும் நாங்களே தருகிறோம், ரைசரைத் தூக்கியே பார்க்கலாம். விருப்பமுள்ள கல்லூரிகள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் தயவுசெய்து அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வார்ப்பட மேற்பார்வையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.